விராலுக்கு பிரெய்டா மோனோவா? பாஸ் மீன் வீடியோ பாத்து குழம்பிட்டேன்

முருகேஷ்பாளையா_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். ஆறு மாசமா மோனோ (ஒத்தை இழை நைலான் தூண்டில் நரம்பு) போட்டு ஜிலேபி மீன் புடிச்சிட்டு இருந்தேன், இப்போ விரால் மேல ஆசை வந்துடுச்சு. அமெரிக்காக்காரங்க பாஸ் மீன் புடிக்கிற வீடியோவா பாத்துத் தள்ளுனேன், ஒருத்தர் 65 எல்பி (65 பவுண்டு இழுவை தாங்கற) பிரெய்டு, அதான் பின்னல் நரம்பு, போடுங்கறார், இன்னொருத்தர் ஃபுளோரோ (ஃபுளோரோகார்பன் நரம்பு) இல்லாம தண்ணிகிட்டயே போகாதேங்கறார். நான் போறது பெங்களூரு பக்கத்துல ஹொஸ்கோட்டே தாண்டி ஒரு ஏரி, பாதி ஏரி ஆகாயத்தாமரை. இருக்கறது ஒரே ஒரு ஸ்பின்னிங் ரீல். என்னத்த சுத்தறது?

ஃப்ராக்_மணி:
பிரெய்டு. பேச்சே இல்ல. போன வருஷம் மழைக்கு அப்புறம் 15 எல்பி மோனோல ஃப்ராக் (தண்ணி மேல மெதக்கற தவளை மாதிரி போலி இரை) போட்டு இழுத்துட்டு இருக்கேன், இலைக்கு நடுவுல பொளக்குனு ஒரு சத்தம், ரெண்டு எண்ணிட்டு ராடை தூக்குறேன், ராடு வளையுது, நரம்பு ரப்பர் மாதிரி நீளுது, தூண்டில் முள்ளு மட்டும் ஏறவே இல்ல. விரால் வாய் சும்மாவா, எலும்பு அது. நான் மறுபடி சுத்தறதுக்குள்ள தண்டுக்குள்ள பூந்து நாலு சுத்து சுத்திடுச்சு. ஃப்ராக் இன்னும் அங்கதான் கிடக்கு. பிரெய்டுன்னா நீளாது, தண்டையும் அறுத்துட்டு வரும். 50 எல்பி பிரெய்டு ஏறக்குறைய 12 எல்பி மோனோ தடிமன்தான், ரீலோட சின்ன ஸ்பூல்லயும் (நரம்பு சுத்தற உருளை) தாராளமா உக்காரும்.

நைலான்_அண்ணாச்சி:
ஆகாயத்தாமரைக்கு மணி சொல்றது சரி. 'பேச்சே இல்ல'ங்கறியே தம்பி, அங்கதான் இடிக்குது. ராம்நகர் பக்கம் பாறை நெறஞ்ச ஒரு தண்ணிக்கு இதே 50 எல்பி எடுத்துட்டுப் போனேன். மீனும் ஒண்ணும் பெருசில்ல, பாறை விளிம்புல ஒரு தடவ உரசுச்சு, டிக்குன்னுச்சு, முடிஞ்சுது. அறுந்த நுனிய பாத்தா பஞ்சு மாதிரி பிரிஞ்சு நிக்குது. மெல்லிசு இழைங்கள பின்னி வெச்சதுதானே, கல்லுல பட்டா ஒண்ணொண்ணா போகும். 50 எல்பிங்கறது நேரா இழுக்கற கணக்கு. அங்கெல்லாம் முன்னாடி ரெண்டு முழம் மோனோவோ ஃபுளோரோவோ லீடர் (நுனித் துண்டு) போட்டே ஆகணும். புதுசு, அந்த வீடியோவ திருப்பிப் பாருங்க, 65 எல்பிக்காரர் பாசிக்குள்ள லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்கு வீசிட்டு இருப்பாரு, ஃபுளோரோக்காரர் தெளிஞ்ச தண்ணில பாறைப் பக்கம் ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்கு நிப்பாரு.

ஃப்ராக்_மணி:
அண்ணாச்சி, அவர் கேட்டது ஹொஸ்கோட்டே ஏரிக்கு, நீங்க ராம்நகருக்கு பஸ் ஏத்தறீங்க. அங்க லீடர் போட்டா முடிச்சுல பாசி சேந்து ஃப்ராக்க விட பாசி வெயிட்டா வரும். நம்ம ஏரித் தண்ணில கைய விட்டா கையே தெரியாது, இதுல விராலுக்கு நரம்பு தெரியுதாம். இன்னொன்னு, இங்க பாஸ் மீனே கிடையாது பாஸ்.

எச்ஏஎல்_மெக்கானிக்கல்:
நடுவுல வர்றேன். பிரெய்டு பாலிஎத்திலீன், அடர்த்தி 0.97, அதனால மெதக்கும், ஃப்ராக்குக்கு செட் ஆகும். ஃபுளோரோ 1.78, முங்கும், ஃப்ராக்குக்கு அத மெயின் நரம்பா போட்டா மூக்க கீழ இழுக்கும். ஆனா கண்ணுக்கு தெரியாதுங்கறதுல விஷயம் இருக்கு, ஒளிவிலகல் எண் தண்ணிக்கு 1.33, ஃபுளோரோவுக்கு 1.42, நைலானுக்கு அத விட ஜாஸ்தி, தண்ணியோட எண்ணுக்கு கிட்ட இருந்தா கண்ணுக்கு தெரியறது கம்மி. அதெல்லாம் தெளிஞ்ச தண்ணில பேச வேண்டிய பேச்சு. அப்புறம் மோனோ 20 சதவீதத்துக்கு மேல நீளும்னு சொல்வாங்களே, அது அறுந்துபோற லோடுகிட்ட வர்ற கணக்கு, ஒரு ஹூக்செட்ல (முள்ளு ஏற ராடை வெட்டி இழுக்கறதுல) அவ்ளோ வராது. ஃபுளோரோ நீளாதுன்னு நெனைக்கறதும் தப்பு, நல்லாவே நீளும்.

நைலான்_அண்ணாச்சி:
நீளறது எப்பவும் குத்தமா என்ன? கிராங்க்பெய்ட்ல (முங்கி நீந்தற மீன் மாதிரி போலி இரை) இருக்கற மூணு முள்ளு ஹூக் சின்னது, தோல்ல லேசாதான் மாட்டியிருக்கும், பிரெய்டுல வெட்டி இழுத்தா கிழிச்சிட்டு வந்துடும். மோனோன்னா மீன் தலைய ஆட்டறப்போ கொஞ்சம் விட்டுக் குடுக்கும். மணி ஃப்ராக் தவிர வேற எதுவும் வீசறதில்ல, அதான் ஒரே பாட்டு. இன்னொரு வயித்தெரிச்சல், யாரோ வெட்டிப் போட்ட பிரெய்டு கால்ல சிக்கி ஒரு நீர்க்காகம் செடியில தலகீழா தொங்கிட்டு இருந்துச்சு, கத்தரிக்கோல் வெச்சு அறுக்கறதுக்குள்ள என்னைய ரெண்டு கொத்து கொத்துச்சு. மாஞ்சா நூலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் சொல்லு.

ஃப்ராக்_மணி:
அது பிரெய்டு தப்பில்ல, போட்டவன் தப்பு, மோனோவ போட்டாலும் சிக்கும். நான் துண்டு நரம்பெல்லாம் பழைய டப்பாவுல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடறேன். கிராங்க்பெய்ட்டுக்கு மோனோ, சரி, ஒத்துக்கறேன். ஆனா பாதி ஏரி ஆகாயத்தாமரை, ஒரே ரீல், அதுக்கு இன்னும் யாரும் வேற பதில் சொல்லல.

நைலான்_அண்ணாச்சி:
அங்க பிரெய்டுதான்னு மொதல்லயே சொல்லிட்டேனே. வெறுங்கைல சுத்தி மட்டும் இழுக்காதீங்க புதுசு, விரல அறுத்துடும். செவப்பா குஞ்சுக் கூட்டம் தெரிஞ்சா வீசாதீங்க, தாயும் தகப்பனும் காவலுக்கு கீழ நிக்கும், அதுங்க போச்சுன்னா குஞ்சும் போச்சு.

முருகேஷ்பாளையா_புதுசு:
நேத்து போயிட்டு வந்தேன், 40 எல்பி பிரெய்டு. ஏழு மணிக்கு அடிச்சுது, முள்ளு ஏறிடுச்சு, கைல நல்லா தெரியுது. அப்புறம் நரம்பு போயிட்டே இருக்கு. ட்ராக்க (ஸ்பூலோட பிரேக்க) ஃபுல்லா இறுக்கறேன், அப்பவும் போகுது. குனிஞ்சு பாத்தா ஸ்பூல் அசையாம நிக்குது, மேல சுத்தின நரம்பு மொத்தமும் வளையல் மாதிரி தனியா சுத்துது! மீன் இலைக்குள்ள போயிடுச்சு. ரீல் போச்சா?

ஃப்ராக்_மணி:
அய்யோ குரு, ரீல் நல்லாதான் இருக்கு. பிரெய்ட வெறும் ஸ்பூல்ல கட்டினா வழுக்கும், அடியில பத்து மீட்டர் மோனோ சுத்திட்டு அதுமேல ஏத்தணும். சொல்ல மறந்துட்டேன்.

நைலான்_அண்ணாச்சி:
ஆக மோனோ வேணும்ங்கற.

ஃப்ராக்_மணி:
அடியிலதான் அண்ணாச்சி. அடியில.

முருகேஷ்பாளையா_புதுசு:
சண்டைய அப்புறம் வெச்சுக்கோங்க, ரெண்டையும் சேக்கறதுக்கு என்ன முடிச்சு?

நைலான்_அண்ணாச்சி:
டபுள் யூனி. பிரெய்டு பக்கம் எட்டு சுத்து, மோனோ பக்கம் அஞ்சு. எச்சில் தொட்டு மெதுவா இறுக்குங்க, காஞ்சபடி வெடுக்குனு இழுத்தா மோனோ சூடாகி அங்கயே வீக் ஆயிடும்.