மாவட்ட அளவில் தொற்றுநோய் ஆயத்தநிலையை அளப்பது எப்படி?

அல்சூர்வாசி:
பெங்களூரு நகர்ப்புறம், கோலார், சிக்கபள்ளாப்பூர் மூன்றும் பொதுச் சுகாதார அவசரநிலைக்கு எந்த அளவு தயார் என்று மதிப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு வெளி மதிப்பீட்டுக் கருவி (2022, மூன்றாம் பதிப்பு) கையில் இருக்கிறது. 19 துறைகள், 56 குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். நாடுகளுக்காக எழுதியதை மாவட்டத்துக்கு அப்படியே போட்டு, சராசரி எடுத்து வரிசைப்படுத்தலாமா?

ஜீவன்பீமாநகர்:
சராசரி வேண்டாம் சார். ஆய்வகத்துக்கு 5, மாதிரி அனுப்பும் ஏற்பாட்டுக்கு 1 என்றால் சராசரி 3 வரும். பார்க்க நன்றாக இருக்கும், மாதிரி மட்டும் ஆய்வகத்துக்குப் போய்ச் சேராது. ஒன்றை நம்பி அடுத்தது நடக்கும் வேலைகளின் ஒவ்வொரு சங்கிலியிலும் குறைந்த மதிப்பெண்ணையே எழுதுங்கள்.

அதற்கு முன், அதிகாரம் யாரிடம் என்று குறியீடுகளைப் பிரியுங்கள். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் (வரிசை எண் 6), துறைமுகத் தனிமைப்படுத்தல் ஒன்றியப் பட்டியலில் (28), மாநிலம் விட்டு மாநிலம் நோய் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் (29). தேவனஹள்ளி விமான நிலையத்தில் பயணிகளைப் பரிசோதிப்பது ஒன்றிய அரசின் வேலை. அதற்காக மாவட்ட அதிகாரிக்கு மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை. ஆனால் அங்கே பிடிபட்டவரின் தகவல் எத்தனை மணி நேரத்தில் மாவட்டக் கண்காணிப்புப் பிரிவுக்கு வருகிறது என்பதைக் கட்டாயம் அளக்க வேண்டும்.

கே.ஆர்.புரம்:
7-1-7 கணக்கையும் சேருங்கள். பரவல் தொடங்கி 7 நாளில் கண்டுபிடிப்பு, 1 நாளில் அறிவிப்பு, 7 நாளில் முதற்கட்ட நடவடிக்கைகள் முடிவு. ஒவ்வொரு மாவட்டத்திலும் கடைசி ஐந்து பரவல்களின் கோப்பை எடுத்துத் தேதிகளை வரிசையாக எழுதினால் போதும், யாரையும் பேட்டி காண வேண்டாம்.

வழக்கமான தவறு ஒன்று: முதல் நோயாளிக்குக் காய்ச்சல் தொடங்கிய நாளுக்குப் பதில், அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளைப் போட்டுவிடுவார்கள். கண்டுபிடிப்பு வேகமானதாகத் தெரியும். டெங்கு போல எப்போதும் இருக்கும் நோய்க்கு, வழக்கமான எண்ணிக்கையைத் தாண்டிய நாள்தான் தொடக்கம்.

'பரவலே இல்லை' என்று காட்டும் மாவட்டத்தை உடனே பாராட்டிவிடாதீர்கள். பி (மருத்துவர் சந்தேகிக்கும் நோயாளிகள்), எல் (ஆய்வக முடிவுகள்) என்ற கண்காணிப்புப் படிவங்களை எத்தனை தனியார் மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் தவறாமல் அனுப்புகின்றன என்று முதலில் எண்ணுங்கள்.

ஒயிட்ஃபீல்டு:
ஆக்சிஜன் பகுதியில் 'வசதி உண்டா' என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள். 40 படுக்கை, தலைக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் நாளுக்கு 576 கன மீட்டர். ஜம்போ சிலிண்டர் ஒன்றில் சுமார் 7 கன மீட்டர்தான், ஆக 82-க்கு மேல் வேண்டும். திரவ ஆக்சிஜன் 1,000 லிட்டர் சுமார் 860 கன மீட்டர் வாயுவாகும்; அது 36 மணி நேரத்துக்கு வரும்.

பி.எஸ்.ஏ. பிளான்ட் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் கருவி) இருந்தால் ஓட விட்டுப் பாருங்கள். தூய்மை 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. டிரையர் சரியாக வேலை செய்யாமல் ஈரம் உள்ளே போனால், நைட்ரஜனை உறிஞ்சும் சியோலைட் கெட்டுவிடும். ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்பதை மெயினை அணைத்துப் பார்த்தால்தான் தெரியும்; நோயாளிகள் அந்த லைனில் இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

அல்சூர்வாசி:
மிக்க நன்றி. எல்லைப் பிரச்சினையை எப்படிச் சோதிப்பது? ஒசூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்களே?

ஜீவன்பீமாநகர்:
மேசைப் பயிற்சி நடத்துங்கள், அதாவது ஒரு கற்பனைச் சம்பவத்தைச் சொல்லி யார் என்ன செய்வார்கள் என்று உட்கார்ந்து பேசிப் பார்ப்பது; இரண்டு மணி நேரம் போதும். வெள்ளிக்கிழமை மாலை, ஒசூர் முகவரி உள்ளவர், காய்ச்சலோடு மூளை வீக்கம், நிபா சந்தேகம், சேர்ந்தது பெங்களூருவில். 2018-இல் கோழிக்கோட்டு நிபாவை முதலில் கண்டது கர்நாடகத்து மணிப்பால் ஆய்வகம், உறுதி செய்தது புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம். மூன்று மாநிலங்கள் கைகோத்தால்தான் ஒரு நோய்க்குப் பெயரே தெரிந்தது.

பயிற்சியில் எல்லோரும் 'தகவல் சொல்வோம்' என்பார்கள். அங்கேயே நிறுத்தி, கிருஷ்ணகிரி மாவட்டப் பிரிவின் எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்த பிறகு அச்சடித்த தொலைபேசிப் பட்டியலா என்றும் பாருங்கள். பிறகு மாதிரி: மாதிரி கசியாமல் அனுப்பும் மூன்றடுக்குப் பொதி கையிருப்பில் உண்டா, 2–8 டிகிரியில் வைக்க ஐஸ் பேக் உறைந்த நிலையில் இருக்கிறதா, சனிக்கிழமை வண்டிக்கு டீசல் செலவை அனுமதிப்பவர் யார்? அனுமதிப்பவர் பெயர் பதிலாக வராவிட்டால் அந்தக் கட்டத்துக்கு 1 போடுங்கள்.