மார்க் ட்வைன் ஆவணப்படம்: இரண்டாம் பாகம் பார்க்கலாமா?

அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வைனைப் பற்றிக் கென் பர்ன்ஸ் எடுத்த ஆவணப்படத்தில் முதல் பாகம் முடித்துவிட்டேன். அவ்வளவு சிரிக்க வைத்தவரின் கதை இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை, மேற்கொண்டு பார்க்கத் தயக்கமாக இருக்கிறது. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
அவசியம் பாருங்கள். அவர் வாழ்க்கையின் பிற்பாதிதான் மனதை உலுக்குவது. அச்சுக்கோக்கும் இயந்திரம் ஒன்றில் பணத்தைக் கொட்டி, 1894-இல் திவாலாகி, சட்டப்படி கட்டாயமில்லாத கடனையும் அடைத்தே தீருவேன் என்று அறுபது வயதை நெருங்கும்போது உலகம் சுற்றிப் பேசக் கிளம்பினார், பம்பாய், கல்கத்தாவுக்குக்கூட வந்தார். பயணம் முடிந்து இங்கிலாந்தில் இருக்கும்போது, சாப்பாட்டு அறையில் சும்மா நின்றுகொண்டிருந்தவர் கையில் ஒரு தந்தி. மகள் சூசி இறந்துவிட்டாள், வயது 24.

பதில் 2:
அப்புறம் 1909-இல் எடிசன் நிறுவனம் எடுத்த துண்டுப் படத்தையும் தேடிப் பாருங்கள். வெள்ளை உடுப்பில், சுருட்டுப் புகைத்தபடி வீட்டைச் சுற்றி வேகமாக நடந்து வருகிறார். சத்தம் கிடையாது. ஊர் ஊராகப் பேசியே கூட்டத்தைக் கட்டிப்போட்டவரின் குரல் பதிவு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேட்டவர்:
சரி, இன்று இரவே பார்க்கிறேன். நன்றி.