உள்ளங்கையில் அடங்கும் பழைய துப்பாக்கி: யாருக்காகச் செய்தார்கள்?

சித்தூர்ப்புழை:
வணக்கம். பாலக்காட்டு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில், நெல்லியாம்பதித் தோட்டமொன்றில் கணக்கெழுதிய எங்கள் பாட்டனாரின் மரப்பெட்டிக்குள், பேரேடுகளுக்கு அடியில், ஒரு சாண் நீளம்கூட இல்லாத கைத்துப்பாக்கி கிடைத்தது. சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் ‘குதிரை’ என்ற உறுப்பைப் பின்னுக்கு இழுத்தால், அதுவரை உள்ளே மடங்கியிருந்த, சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசை கீழே இறங்குகிறது. குழலையோ திருகிக் கழற்ற முடிகிறது. வேட்டைக்கும் போருக்கும் ஆகாத இதை யாருக்காகச் செய்திருப்பார்கள்?

பழந்துரு:
பிறர் கண்ணில் படாமல் வைத்திருக்க விரும்பியவருக்காக. அதற்கு முந்தைய திரித்துப்பாக்கியில், வெடிமருந்தைப் பற்றவைக்கத் திரி கனன்றுகொண்டே இருக்க வேண்டும்; கனலும் திரியை மடியில் கட்டிக்கொண்டு யார் நடமாடுவார்? 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுழலும் எஃகுச் சக்கரம் கல்லில் உரசிப் பொறி எழுப்பும் ‘பூட்டு’ என்ற பற்றவைப்பு அமைப்பு ஐரோப்பாவில் வந்த பிறகே, வெடிமருந்திட்ட துப்பாக்கியை மேலங்கிக்குள் மறைக்க முடிந்தது. அரசர்களைக் கலக்கியதும் அதுதான். புனித ரோமானியப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் 1517இல் அந்தப் பூட்டுக்குத் தடை விதித்தார். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்து 1541ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு கெஜத்துக்குக் குறைந்த கைத்துப்பாக்கியே கூடாது என்றதோடு, ஆண்டுக்கு 100 பவுன் வருமானம் தரும் சொத்து இல்லாதவர் துப்பாக்கி வைத்திருப்பதையும் தடுத்தது. ஆயுதத்தின் நீளத்தையும் ஆளின் தகுதியையும் ஒரே கோலால் அளந்திருக்கிறார்கள். அச்சம் வீணல்ல என்பதை 1584இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரம் கண்டது: ஸ்பெயினுக்கு எதிரான டச்சுக் கிளர்ச்சியின் தலைவர், ஆரஞ்சு இளவரசர் வில்லியமை அவர் வீட்டுக்குள்ளேயே ஒருவன் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். குண்டு பாய்ந்த சுவரை இன்றும் காட்டுகிறார்கள்.

மலையடிவாரம்:
பழந்துரு ஐயா சொல்வது தொடக்கக் காலத்துக்குப் பொருந்தும். ஆனால் கேட்டவர் கையில் இருப்பது, சக்கரமில்லாமல் கல் எஃகில் மோதிப் பொறி எழுப்பும் சக்கிமுக்கிப் பூட்டு. விசை மடங்கும் அமைப்பைப் பார்த்தால் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோ அதற்குப் பிறகோ செய்ததாக இருக்கலாம். அதற்குள் இது கொலைகாரனின் கருவி என்ற பெயர் தேய்ந்து, வழிப்பறிக்கு அஞ்சிக் கோச்சு வண்டியில் செல்லும் கனவானின் உடைமையாகவும் ஆகிவிட்டது. குழலைக் கழற்றிக் குண்டு வைப்பதால், குழல்வாய் வழியே குண்டை இடித்து இறக்கும் இடிகோல் தேவையில்லை. குண்டும் இறுக்கமாக அமரும். ஆனாலும் ஒரே வெடிதான், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில்தான் பயன். பிடியின் அடியில் வெள்ளி முகம் பதித்த துப்பாக்கிகளைப் பார்க்கும்போது, மறைக்கச் செய்த பொருளுக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று எனக்குச் சிரிப்பு வரும்.

கச்சேரிக்குமாஸ்தா:
வரலாறு இருக்கட்டும், தம்பி. குதிரையை இனி இழுத்துப் பார்க்காதீர்கள். உள்ளே மருந்து இருக்கலாம். பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்கு அளிக்கிறது. விசை அசைவதால், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

சித்தூர்ப்புழை:
நன்றி ஐயா. ஏற்கெனவே கழற்றியபோது பார்த்தேன், மருந்தறை வெறுமையாகத்தான் இருந்தது. குதிரையின் வாயில், கல் நழுவாமலிருக்கச் சுற்றிய தோல்துண்டு மட்டும் கருவாடுபோல் காய்ந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாளை சித்தூருக்குப் போய் வழக்கறிஞரைப் பார்க்கிறேன்.