அம்மா வீட்டுக் குழு: கயல் மியூனிக் கிளம்பறா

ஞாயிறு, காலை 10:12

கயல்: சித்தி, பிரபு அண்ணா, ரெண்டு பேரும் ஃப்ரீயா? விசா வந்துடுச்சு. ஏப்ரல் முதல் வாரம் மியூனிக்ல இருப்பேன். ரூம் விவரம், காலேஜ் பேப்பர் எல்லாம் கோ-ஆர்டினேட்டர் அனுப்பிட்டாங்க. அங்க பசங்களோட எப்படிப் பழகறது, அதை யாரும் சொல்லல. அது மட்டும் சொல்லுங்க.

லலிதா: ரொம்ப சந்தோஷம்டா கண்ணு 🙏

மீனா: வித்யா, நீ அங்கதானே இருக்க. இவ வாயே திறக்க மாட்டா. தனியா ரூமுக்குள்ள உக்காந்துடுவாளோன்னுதான் எனக்குக் கவலை.

வித்யா: அக்கா, வாய் திறக்காதவங்களுக்கு அந்த ஊர் கஷ்டம் இல்ல. சும்மா கதவைத் தட்டி "என்ன பண்றே"ன்னு யாரும் வர மாட்டாங்க, அவ்வளவுதான். எல்லாம் தேதி குறிச்சுதான் நடக்கும். அதனால கயலு, வாராவாரம் அதே ஆளுங்களைப் பாக்கற மாதிரி ரெண்டு இடம் பிடிச்சுக்கோ. ஒண்ணு விளையாட்டு, இன்னொண்ணு சமையலோ மொழியோ எதுவோ. ஒருத்தரை அஞ்சு தடவை அதே இடத்துல பாத்தாதான் அவங்க வீட்டுக்குக் கூப்பிடுவாங்க.

பிரபு: விளையாட்டுன்னா இசட்ஹெச்எஸ். மியூனிக் யூனிவர்சிட்டிகளுக்கெல்லாம் பொதுவான மாணவர் விளையாட்டு மையம், ஒலிம்பிக் பார்க்ல இருக்கு. செமஸ்டர் தொடக்கத்துல ஆன்லைன்ல புக்கிங் திறக்கும். பேட்மிண்டன், மலையேற்றம், நீச்சல் மாதிரி வகுப்பெல்லாம் சில நிமிஷத்துல நிரம்பிடும். முந்தின நாளே அக்கவுண்ட் போட்டு, பணம் கட்டற வழியையும் சேர்த்து வச்சுட்டு, திறக்கற நேரத்துக்கு உக்காரு. கிடைக்கலன்னா கூட்டமில்லாத விளையாட்டு எதையாவது எடு. அந்த மாதிரி வகுப்புலதான் ஆளுங்க நல்லா பேசுவாங்க.

கயல்: நான் டெக்னிக்கல் யூனிவர்சிட்டிக்குப் போறேன்ணா. வெளிநாட்டு மாணவர்களுக்குன்னு குழு இருக்காமே?

பிரபு: இருக்கு, டூமி. ஈஎஸ்என்ங்கற எராஸ்மஸ் மாணவர் அமைப்போட கிளை. நகரச் சுத்து, மலைப் பயணம், விளையாட்டு இரவுன்னு செமஸ்டர் தொடக்கத்துல நிறைய நடத்துவாங்க, இடம் சீக்கிரம் தீந்துடும். போ. ஆனா அங்க வர்றவங்க பெரும்பாலும் உன்னை மாதிரி ஆறு மாசத்துல கிளம்பறவங்க. ஜெர்மன் பசங்களைப் பாக்கணும்னா வகுப்புல குரூப் வொர்க், விளையாட்டு, அப்புறம் உன் வேகே.

லலிதா: வேகேன்னா என்னடா?

பிரபு: நாலஞ்சு பேர் ஆளுக்கொரு ரூம் எடுத்துட்டு சமையல்கட்டு, பாத்ரூமை மட்டும் பொதுவா வச்சுக்கற வீடும்மா.

மீனா: பசங்களும் பொண்ணுங்களும் சேர்ந்தா?

வித்யா: ஆமாக்கா, அங்க அது சாதாரணம். ரூமுக்குத் தனிப் பூட்டு இருக்கும். தட்டாம யாரும் உள்ள வர மாட்டாங்க.

கயலு, வேகேல சண்டை வர்ற இடம் ஒண்ணே ஒண்ணுதான், சமையல்கட்டு. சமைச்ச பாத்திரத்தை அன்னிக்கே கழுவு. ஃப்ரிட்ஜ்ல உனக்கு ஒரு தட்டு ஒதுக்குவாங்க, அதைத் தாண்டாதே. எண்ணெய், உப்பு, பாத்திரம் கழுவற லிக்விட் பொதுவா, தனித்தனியான்னு முதல் நாளே கேட்டுக்கோ. யார் எந்த வாரம் எதைத் துடைக்கணும்னு சுவர்ல பட்டியல் ஒட்டியிருக்கும். ஊருக்குப் போற வாரம் உன் முறை வந்தா முன்னாடியே யாரோடயாவது மாத்திக்கோ. சமைச்சு முடிச்சதும் ஜன்னலை முழுசா திறந்து அஞ்சுல இருந்து பத்து நிமிஷம் விடு, கொஞ்சூண்டு திறந்து மணிக்கணக்கா விடாதே. சுவர் குளிர்ந்து போனா ஈரம் படிஞ்சு பூஞ்சை வரும்.

கயல்: சரி சித்தி. யாராவது கூப்பிட்டா எத்தனை மணிக்குப் போகணும்?

பிரபு: ரெண்டு வகை. வீட்டுல சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா 7:00ன்னா 7:00, அஞ்சு நிமிஷம் தாமதிக்கலாம். பத்து நிமிஷத்துக்கு மேல ஆகும்னா மெசேஜ் போடு. வேகே பார்ட்டின்னா 8:00ன்னு சொல்லியிருந்தாலும் 9:00 வரைக்கும் ஆள் வந்துட்டே இருக்கும். வகுப்பு அட்டவணைல 10 சி.டி.ன்னு போட்டிருந்தா 10:15க்கு ஆரம்பம், எஸ்.டி.ன்னா சரியா 10:00.

வித்யா: வரேன்னா வரேன்னு எழுது, முடியலன்னா முடியலன்னு எழுது. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல மாதிரி "பாக்கறேன்"னு சொல்லிட்டு விட்டா, உனக்கும் சேர்த்து நாற்காலி போட்டு வச்சிருப்பாங்க. அதுக்குத்தான் வருத்தப்படுவாங்க. தேதி கேட்டு குரூப்ல ஓட்டெடுப்பு வந்தா அன்னிக்கே பதில் போடு.

வெறுங்கையோட போகாதே. "என்ன கொண்டு வரட்டும்"னு கேளு. "ஒண்ணும் வேண்டாம்"னு சொன்னாலும் ஒரு சாக்லேட்டோ ஒரு பாட்டில் ஜூஸோ எடுத்துட்டுப் போ. ஆளுக்கொரு ஐட்டம்னா குரூப்ல யார் எதுன்னு எழுதுவாங்க, சீக்கிரம் எழுதினவங்களுக்கு சுலபமானது கிடைக்கும். டப்பால பேரை எழுதி டேப் ஒட்டு, இல்லன்னா திரும்பி வராது. வாசல்ல எல்லாரும் செருப்பு கழட்டியிருந்தா நீயும் கழட்டு.

லலிதா: பொறந்த நாள் வருதே இவளுக்கு. மே மாசம்!

வித்யா: ஆமா பெரியக்கா, நல்ல வேளை ஞாபகப்படுத்தினீங்க. அங்க பொறந்த நாள்காரங்கதான் கூப்பிட்டு சாப்பாடு போடணும். வகுப்புக்கோ ஆபீசுக்கோ கேக் கொண்டு வர்றதும் அவங்கதான். யாராவது நமக்கு ஏற்பாடு பண்ணுவாங்கன்னு காத்திருந்தா அந்த நாள் சும்மா போயிடும். இன்னொண்ணு, முன்கூட்டி வாழ்த்தவே கூடாது. முதல் நாள் சொன்னாகூட துரதிர்ஷ்டம்னு நினைப்பாங்க. அதனாலதான் சில பேர் முந்தின ராத்திரியே கூடி, 12:00 அடிச்சதும் வாழ்த்து சொல்லுவாங்க.

கயல்: வெளில சாப்பிடப் போனா காசு?

பிரபு: அவங்கவங்க காசு அவங்கவங்க. சர்வர் "சேர்த்தா, தனித்தனியா"ன்னு கேப்பாங்க, கெட்ரென்ட்னு சொல்லு. நீ சாப்பிட்டதை நீயே சொல்லி கட்டணும். டிப்ஸ் 5ல இருந்து 10 சதவீதம், மேஜைல வச்சுட்டுப் போறது இல்ல. பில் 18.20 யூரோ வந்தா, நோட்டை நீட்டும்போதே "இருபது"ன்னு சொல்லிடு. கொஞ்சம் பணம் கையில வச்சுக்கோ, சின்னக் கடைகள்ல கார்டு எடுக்காத இடம் இன்னும் இருக்கு. ஒருத்தர் சேர்த்துக் கட்டினா ராத்திரியே 6.40 யூரோ அனுப்பச் சொல்லி மெசேஜ் வரும். கஞ்சத்தனம்னு நினைக்காதே, கணக்கு தீந்தா அடுத்த தடவை நிம்மதியா கூப்பிடலாம்ங்கற எண்ணம்தான். நீயும் அன்னிக்கே அனுப்பிடு.

மீனா: குடிக்கச் சொல்லி வற்புறுத்துவாங்களா?

வித்யா: இல்லக்கா. "இல்ல, எனக்கு ஆப்பிள் ஷோர்லே"ன்னா முடிஞ்சுது. ஆப்பிள் ஜூஸ்ல சோடா கலந்தது. ஸ்பெட்ஸின்னு கோலாவும் ஆரஞ்சும் கலந்து ஒண்ணு இருக்கு, அதுவும் எல்லாரும் குடிக்கறதுதான். ஆல்கஹால் இல்லாத பியர்னு விக்கறதுல 0.5 சதவீதம் வரைக்கும் இருக்கலாம், துளிகூட வேண்டாம்னா அதைத் தொடாதே. கிளாஸை இடிச்சுக்கும்போது எதிராளி கண்ணைப் பாக்கணும், அதை மட்டும் ரொம்ப கவனிப்பாங்க.

பிரபு: மீனா சித்தி, பியர்கார்டன்னா பேரைப் பாத்துப் பயப்படாதீங்க. மரத்தடியில நீள மேஜை, குழந்தைங்க, தாத்தா பாட்டி எல்லாம் இருப்பாங்க. மாணவர்களுக்கு அதைவிட மலிவான இடம் கிடையாது. ஏன்னா சாப்பாட்டை வீட்டுல இருந்தே கொண்டு போகலாம். 1812ல பவேரிய ராஜா மாக்ஸ் யோசெஃப், பியர் காய்ச்சறவங்க தோட்டத்துல பியர் விக்கலாம், ரொட்டியைத் தவிர வேற சாப்பாடு விக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டார். அதுலருந்து ஜனங்க கட்டுச்சோறோட வர ஆரம்பிச்சாங்க. குடிக்கறதை மட்டும் அங்கதான் வாங்கணும். துணி விரிச்ச மேஜை சர்வர் வர்ற பகுதி, அங்க டப்பாவைத் திறக்காதே. வெறும் பலகை மேஜைல உக்காரு. இடம் இருக்கான்னு பக்கத்துல இருக்கறவங்களைக் கேட்டுட்டு உக்காந்தா போதும், பேச்சு அங்கயே ஆரம்பிக்கும்.

கயல்: அப்ப எலுமிச்சை சாதம் கட்டிட்டுப் போகலாமா 😀

பிரபு: தாராளமா. புளியோதரை இன்னும் நல்லா நிக்கும். கிளாஸுக்கு சில இடத்துல டெபாசிட் வாங்கிட்டு ஒரு வில்லை கொடுப்பாங்க. கிளாஸையும் வில்லையையும் சேர்த்துக் கொடுத்தாதான் காசு திரும்பும். 10:30க்குக் கடைசி ஆர்டர், 11:00க்கு மூடிடுவாங்க.

வித்யா: அங்க விக்கற பிரெட்ஸல் ரொட்டில சில பேக்கரிக்காரங்க பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்க கயலு, கேட்டு வாங்கு. ஜெல்லி மிட்டாய்ல மாமிசத்துல இருந்து எடுக்கற ஜெலட்டின் இருக்கும், பாக்கெட்ல பாரு.

மதியம் 1:40

கயல்: சித்தி, எனக்கு ஒரு ஆசை. அங்க போய் ரெண்டாவது வாரமே வேகேல எல்லாரையும் தோசைக்குக் கூப்பிடணும். எட்டு பேர்னு வைங்க. முடியுமா?

வித்யா: அதைவிட நல்ல வழியே இல்ல! வியாழக்கிழமை சாயங்காலம் வை. வெள்ளி ராத்திரி நிறைய பேர் அவங்க ஊருக்குப் போயிடுவாங்க. ஞாயிறுன்னா கடை கிடையாது. பவேரியால மத்த நாள்லயும் கடை எல்லாம் ராத்திரி 8:00க்கு மூடிடும், ஞாயிறு முழுக்க லீவு. பெரும்பாலும் பெரிய ரயில் நிலையத்துக்குள்ள இருக்கற கடையும் பெட்ரோல் பங்கும்தான் திறந்திருக்கும். ஈஸ்டர் திங்கள், மே 1 மாதிரி நாளும் அப்படித்தான். ஏப்ரல், மே, ஜூன்ல இந்த மாதிரி லீவு நிறைய, காலண்டரைப் பாத்து வச்சுக்கோ.

அளவு சொல்றேன். அரிசி 600 கிராம், உளுந்து 200, வெந்தயம் ஒரு டீஸ்பூன். ரெண்டு லிட்டர் மாவு வரும், 25 தோசைக்கு மேல வார்க்கலாம். இட்லி அரிசியும் உளுந்தும் மெயின் ஸ்டேஷன் பக்கத்து இந்தியக் கடைகள்ல கிடைக்கும். புதன் மதியம் ஊற வை, சாயங்காலம் 8:00க்கு அரை. மிக்ஸின்னா ஐஸ் தண்ணி விட்டு, விட்டு விட்டு ஓட்டு, சூடானா மாவு பொங்காது.

மீனா: குளிர்ல புளிக்குமா?

வித்யா: அதான் விஷயம் அக்கா. ஏப்ரல்ல சமையல்கட்டு 18 டிகிரிதான் இருக்கும், மேடை மேல வச்சா காலைல அப்படியே கிடக்கும். ஓவனை 50 டிகிரில ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு அணைச்சுட்டு, உள்ள லைட்டை மட்டும் போட்டு வை. 12ல இருந்து 14 மணி நேரம். பாத்திரத்துல பாதிக்கு மேல மாவு இருக்கக் கூடாது, கீழ ஒரு தட்டு வை. முக்கியமா ஓவன் கதவுல "உள்ளே மாவு இருக்கு, போடாதீங்க"ன்னு ஒரு சீட்டு ஒட்டு. யாராவது பீட்ஸாவுக்கு 220ல போட்டுட்டா போச்சு.

பிரபு: கல்லு விஷயம் கேளு. ஜெர்மன் அடுப்பு கண்ணாடி மேடை. வட்டங்கள் பொதுவா 14.5, 18, 21 செண்டிமீட்டர். 30 செண்டி கல்லு கொண்டு போனா ஓரம் வேகாது. 24, 25 செண்டி, அடி முழுக்கத் தட்டையா இருக்கற இரும்புக் கல்லு எடு. குழிஞ்சிருந்தா சூடு ஏறாது. இண்டக்ஷன் அடுப்பா இருந்தாலும் இரும்பு வேலை செய்யும், சாதாரண அலுமினிய நான்ஸ்டிக் செய்யாது. கண்ணாடி அடுப்பு மெதுவாத்தான் சூடாகும், குறைச்சாலும் மெதுவாத்தான் குறையும். அடுப்பை 7ஆம் எண்ல வச்சு சூடாக்கி, 5க்குக் கொண்டு வந்துட்டு வார்க்க ஆரம்பி. மாவு கரண்டியோட சுருண்டு வந்தா கல்லு அதிக சூடு, தண்ணி தெளிச்சு வெங்காயத்தால தேய். கல்லை மேடைல இழுக்காதே, தூக்கி வை. கண்ணாடி கீறினா டெபாசிட்ல பிடிப்பாங்க.

கயல்: ஒரே கல்லுல எட்டு பேருக்கா?

வித்யா: ஒரு தோசைக்கு மூணு நிமிஷம்னா 24 தோசைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல. நீயே வார்த்துப் போட்டுட்டு இருந்தா அவங்க உள்ள பேசிட்டு இருப்பாங்க, நீ அடுப்படியில தனியா நிப்பே. அது வேண்டாம். முதல் நாலு நீ வார்த்துக் காட்டு, அப்புறம் கரண்டியை அவங்க கையில கொடு. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க தோசையை வார்க்கட்டும். கல்லைச் சுத்தி நின்னு பிஞ்ச தோசையைப் பாத்து சிரிக்கறதுலதான் பழக்கமே வரும்.

யாருக்கு என்ன ஒத்துக்காதுன்னு முன்னாடியே குரூப்ல கேளு. பால், நெய்கூட சேர்க்காத வீகன் நிறைய பேர் இருப்பாங்க. தோசை, தேங்காய் சட்னி, சாம்பார் எல்லாம் அவங்களுக்கு சரி, நெய் மட்டும் தனியா வை. கோதுமை ஒத்துக்காதவங்க இருந்தா பெருங்காயப் பாக்கெட்டைப் பாரு, பல கம்பெனி கோதுமை மாவு கலந்துதான் விக்கறாங்க. வேர்க்கடலை சட்னி கேக்காம வைக்காதே. தேங்காய் உறைஞ்ச பாக்கெட்ல கிடைக்கும். இல்லன்னா சூப்பர் மார்க்கெட்டுல விக்கற உலர்ந்த தேங்காய்த்துருவலை வெந்நீர்ல 20 நிமிஷம் ஊற வச்சு அரை.

பிரபு: தாளிக்கும்போது ஜாக்கிரதை. சில விடுதிகள்ல புகை அலாரம் நேரா தீயணைப்புக்கே போகும், பொய் அலாரத்துக்குப் பில் வரலாம். எக்ஸாஸ்ட் ஃபேனை முதல்ல போட்டு, ஜன்னலைத் திறந்து, வராந்தா பக்கத்துக் கதவைச் சாத்திட்டு தாளி. அந்தக் கதவைத் திறந்தா புகை வராந்தா அலாரத்துக்குப் போயிடும். கோட்டு எல்லாம் ரூமுக்குள்ள அலமாரில வச்சுடு, வாசல்ல தொங்கினா ரெண்டு நாளைக்குத் தாளிச்ச வாசம் போகாது.

ராத்திரி 10:00க்கு மேல சத்தம் உன் ரூமைத் தாண்டக் கூடாது. மாடிப்படில ரெண்டு மூணு நாள் முன்னாடியே "வியாழன் விருந்தாளிங்க வராங்க, சத்தம் அதிகமானா கதவைத் தட்டுங்க"ன்னு ஒரு தாள் ஒட்டு. அப்படிச் செஞ்சா போலீசுக்கு போன் போறதுக்குப் பதிலா கதவைத் தட்டுவாங்க.

கயல்: காலி பாட்டில் எல்லாம் குப்பைல போடலாமா?

பிரபு: போடாதே. தகர டப்பாவுக்கும் ஒருதடவை பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் 25 சென்ட், சாதாரண பியர் பாட்டிலுக்கு 8 சென்ட் திரும்பக் கிடைக்கும். டப்பாவை நசுக்கிட்டா கடை மெஷின் பார்கோடு படிக்காது. வெளில இருந்தா குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துல நிறுத்தி வை, பொறுக்கறவங்க எடுத்துப்பாங்க.

லலிதா: ஆத்தங்கரை எல்லாம் உண்டாமே?

வித்யா: இசார் ஆறு பெரியக்கா. அதோட கரைல ஃப்லௌஹர்ங்கற இடத்துல கரில சமைக்க அனுமதி உண்டு, கால் வச்ச அடுப்பாத்தான் இருக்கணும், தரையில தீ மூட்டக் கூடாது. இங்லிஷ் கார்டன்னு பெரிய பூங்கா இருக்கு, அங்க சமைக்கவே கூடாது. அதுக்குள்ள ஓடற ஐஸ்பாஹ் கால்வாய்ல ஜூலைல நிறைய பேர் குதிப்பாங்க. இழுப்பு ரொம்ப அதிகம். யார் கூப்பிட்டாலும் இறங்காதே கயலு.

பிரபு: ஏரிக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் போதும், ஜெர்மனி முழுக்க உள்ளூர் பஸ், ரயிலுக்கான மாச டிக்கெட் அது. பவேரியால மாணவர்களுக்கு சலுகை விலை. ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கு எஸ் 6 புறநகர் ரயில், அம்மர் ஏரிக்கு எஸ் 8. ஐசிஇ, ஐசிங்கற தூரத்து வேக ரயில்ல செல்லாது. அது மாதாமாதம் தானா ஓடும் சந்தா, அந்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள ரத்து பண்ணினாதான் மாசக் கடைசில நிக்கும். ஜூலைல கிளம்பறன்னா ஜூலை 10க்குள்ள.

மீனா: நெய் ஒரு கிலோவும் பால்கோவாவும் கட்டி வச்சிருக்கேன், தோசைக்கு ஆகும்.

வித்யா: அக்கா, ரெண்டும் கூடாது! பால், இறைச்சிப் பொருள் எதையும் வெளிநாட்டுல இருந்து பெட்டியில கொண்டு போக ஐரோப்பால தடை, கஸ்டம்ஸ்ல எடுத்துப் போட்டுடுவாங்க. பச்சைக் கறிவேப்பிலையும் சர்டிஃபிகேட் இல்லாம போகாது. கடலை மிட்டாய், தட்டை, முறுக்கு, சாம்பார் பொடி வைங்க. முறுக்கு எண்ணெய்ல பொரிச்சதா இருக்கட்டும், வெண்ணெய் போடாதீங்க.

மீனா: சரி, தட்டை நாளைக்கே சுடறேன். கல்லு?

பிரபு: கல்லு செக்-இன் பெட்டியில போகட்டும் சித்தி, கைப்பையில வேண்டாம். வாங்கும்போதே ஸ்கேலை அடியில வச்சுப் பாருங்க, நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா அந்தக் கல்லு வேண்டாம். இங்கயே நாலு தோசை வார்த்துப் பழக்கிட்டு, எண்ணெய் தடவி பேப்பர்ல சுத்திக் கொடுத்துடுங்க.