கிராம்ப்ஸ் ஏற்றுமதி: ஆள் மறைகிறார், பிறப்புச் சான்று மறையவில்லை

வணக்கம். கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருளில் வைத்திருக்கும் குடும்ப மரத்தை உறவினர்களுக்குக் கெட்காம் 5.5.1 (வம்சாவளி மென்பொருள்கள் தரவைப் பரிமாறும் வடிவம்) கோப்பாகவும் இணையப் பக்கமாகவும் கொடுக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் விவரம் வெளியே போகக் கூடாது. பிறப்புப் பதிவுகள் 1921 முதல் 1974 வரை. பாதிப் பேர் இன்றும் இருக்கிறார்கள்.

சிக்கல் இதுதான். மகளின் பிறப்புச் சான்றை, இறந்துபோன தந்தையின் பெயருக்கும் ஆதாரமாக இணைத்திருக்கிறேன். உயிரோடிருப்போரை நீக்கி ஏற்றுமதி செய்தால் மகள் மறைந்துவிடுகிறார். ஆனால் தந்தையின் கீழ் அதே சான்று, தலைப்பில் மகள் பெயரோடு, பிறந்த தேதி, தாயின் பெயர், முகவரி எல்லாவற்றோடும் நிற்கிறது. வடிகட்டி ஆளைத்தான் பார்க்கிறது, ஆவணத்தை அல்ல. வங்கிகள் அடையாளம் சரிபார்க்கக் கேட்பதும் இதே விவரங்களைத்தானே!

செய்து பார்த்தவை:

சான்றைத் 'தனிப்பட்டது' எனக் குறித்தேன். தந்தைக்கான ஆதாரமும் சேர்ந்து போய்விட்டது.

அதிகபட்ச வயது வரம்பை (இதைத் தாண்டினால், இறப்புத் தேதி இல்லாவிட்டாலும் இறந்தவராகவே கொள்ளும்) 110-லிருந்து 100 ஆக்கினேன். இறப்புத் தேதி கிடைக்காத முதியவர்கள் இறந்தவர்களாகிவிட்டார்கள், பயனில்லை.

கெட்காமில் ஆர்இஎஸ்என் (பகிரக் கட்டுப்பாடு உண்டு என்று காட்டும்) குறி போட்டேன். எதிர்முனை மென்பொருள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பிடிஎஃப்பில் கறுப்புப் பெட்டி வைத்தேன். அடியிலுள்ள எழுத்தைத் தேடினால் அப்படியே வருகிறது. படமாக மாற்றி மறைத்தால் சரியாகிறது, ஆனால் ஒவ்வொன்றாகக் கையால் செய்ய வேண்டும்.

உயிரோடிருப்பவரோடும் இணைந்துள்ள ஆதாரங்களை, ஊடகக் கோப்புகளை மட்டும் தானாகவே விலக்க ஏதாவது வடிகட்டியோ செருகுநிரலோ இருக்கிறதா?