மன அதிர்ச்சி குறித்த பணியாளர் பயிற்சி: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். குழந்தைகளோடும் குடும்பங்களோடும் பணியாற்றும் ஆசிரியர்கள், ஆலோசகர்கள், சமூகப் பணியாளர்கள் அடங்கிய எங்கள் குழுவுக்கு, மன அதிர்ச்சியைப் புரிந்துகொண்டு செயல்படுவதற்கான பயிற்சியைத் திட்டமிடும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

சிறுவயதுப் பாதிப்புகளுக்கும் பிற்கால உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அமெரிக்க மருத்துவர்களான ஃபெலிட்டி, ஆண்டா முதலானோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய பாடத்திட்டங்களில் தவறாமல் இடம்பெறுகிறது, அது வேண்டியதுதான். (ஒருவர் சிறுவயதில் எத்தனை வகைப் பாதிப்புகளைச் சந்தித்தார் என்று எண்ணித் தரும் அதன் மதிப்பெண்ணை வைத்து ஒரு தனிக் குழந்தையின் எதிர்காலத்தைக் கணிக்கக் கற்றுத்தரும் வகுப்புகள் மட்டும் வேண்டாம்.) ஆனால், கதவு படாரென்று சாத்தப்பட்டதும் மேசைக்கடியில் ஒடுங்கிக்கொள்ளும் குழந்தையிடம் எந்தக் குரலில் பேசுவது, எவ்வளவு தள்ளி உட்காருவது, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் புண்ணைக் கிளறாமல் தாயிடம் எப்படி விவரம் கேட்பது என்பவற்றையெல்லாம் நடித்துப் பழகாமல் கற்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இத்தகைய பயிற்சியை நடத்தியவர்களோ பெற்றவர்களோ இங்கிருந்தால், ஒருநாள் வகுப்பு போதுமானதாக இருந்ததா, அதன்பின் தொடர் மேற்பார்வைக் கூட்டங்கள் தேவைப்பட்டனவா என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பிறர் துயரத்தைக் கேட்டுக் கேட்டுப் பணியாளர்களுக்கே உண்டாகும் மனச்சோர்வைப் பற்றிப் பேச எவ்வளவு நேரம் ஒதுக்கினீர்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன். தமிழில் உருவாக்கிய உரையாடல் மாதிரிகள் எவரிடமேனும் இருந்தால், பகிர்ந்துகொள்ள இயலுமா?