1967 டெரம் சிங்கிள்: ஓர்கன் அலையுது, சுருதி இறங்குது, தட்டில் பூஞ்சணமும் இருக்கு

லிந்துலை_45

வணக்கம். தட்டு: புரொக்கோல் ஹாரம் பாடின "எ வைட்டர் ஷேட் ஒஃப் பேல்", பிரிட்டிஷ் டெரம் கம்பனி அச்சு, தட்டு இலக்கம் டிஎம் 126, மோனோ. மறுபக்கம் "லைம் ஸ்ட்ரீட் புளூஸ்". ஜூக்பொக்ஸுக்காக யாரோ நடுவை உடைத்து எடுத்திருக்கிறார்கள். பெரிய ஓட்டைக்குக் கையால் வெட்டிய மரத்துண்டு ஒன்றை வைத்திருக்கு.

பிளேயர் பழைய சேஞ்சர் (தட்டுகளை அடுக்கி வைத்தால் தானே ஒவ்வொன்றாகப் போடுகிற வகை). பெல்ட் இல்லை, ரப்பர் சக்கரம்தான் தட்டைச் சுற்றுது. ஊசியைத் திருப்பி 78க்கும் எல்பிக்கும் போடலாம். அம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளேயே இருக்கு.

1. பாட்டு ஸி மேஜர். கீபோர்டில் வைத்துப் பார்த்தால் காலையில் பி-க்கும் பி ஃபிளாட்டுக்கும் இடையில் நிற்குது. அரை மணி நேரம் ஓடினபிறகு பி-க்கு ஏறுது, அதற்கு மேல் போகாது.
2. ஆரம்ப ஓர்கன் அலை மாதிரி ஏறி இறங்குது. அது ஒரிஜினலே அப்படியா, பிளேயர் கோளாறா?
3. சத்தம் மழுங்கி, வரவரக் குறையுது.
4. தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம்.

கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கவேணும். எதில் கை வைக்கிறது முதலில்?

---

ஹட்டன் கீபோர்ட்

முதலில் அந்தத் தட்டைப் போடுவதை நிறுத்துங்கள். பூஞ்சணத்தோடு ஓட்டினால் ஊசி அதையும் தூசியையும் சேர்த்துக் குழிக்குள் அரைக்கும். வேகத்தைச் சரிபார்க்க வேறு ஏதாவது பழைய 45ஐப் பாவியுங்கள்.

அலைவு பற்றிய கேள்வி அருமையானது. இந்தப் பாட்டில் இரண்டு அலைவும் சேர்ந்தே வரலாம். மத்யூ ஃபிஷர் வாசித்த ஹாமண்ட் ஓர்கன் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக வருது. அந்த ஸ்பீக்கருக்குள் ஹோர்ன் சுழலும். மெதுவான வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 முதல் 50 சுற்று. உங்கள் தட்டு சுற்றுவது 45. அதாவது நடு விலகின தட்டின் அலைவும் மெதுவான லெஸ்லியின் அலைவும் கிட்டத்தட்ட ஒரே வேகம், இரண்டுமே சுமார் 1.3 செக்கனுக்கு ஒரு தடவை. ஓர்கனை மட்டும் கேட்டு எவராலும் பிரிக்க ஏலாது.

பிரிக்கிற வழி: லெஸ்லி ஓர்கனை மட்டும்தான் ஆட்டும். தட்டு விலகினால் எல்லாமே ஆடும். ஆகவே கேரி புரூக்கரின் பியானோவையும், குரல் நீட்டிப் பிடிக்கிற இடங்களையும் கேளுங்கள். பியானோவும் சேர்ந்து ஏறி இறங்கினால் கோளாறு பிளேயர் பக்கம். கண்ணாலும் பார்க்கலாம்: ஊசித் தலையைப் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இடம் வலமாக ஆடினால் நடு விலகல். மேலும் கீழுமாக ஆடினால் தட்டு வளைந்திருக்கு.

எனக்கு அந்த மரத்துண்டு மேல்தான் சந்தேகம். ஓட்டை 38 மில்லிமீற்றர். துண்டு அரை மில்லிமீற்றர் ஒரு பக்கம் ஒதுங்கினாலே வெளி வரியில் சுருதி 0.6 வீதம் கூடிக் குறையும். உள் வரிக்கு வரும்போது ஆரம் சிறுத்து 0.9 வீதம் ஆகிவிடும். பாட்டின் கடைசியில் அலைவு மோசமானால் அதுதான் காரணம். கடைகளில் கிடைக்கிற பிளாஸ்டிக் அடப்டர் ஒன்று வாங்குங்கள். தளர்வாக இருந்தால் ஓரத்தில் ஒரு சுற்று செலோடேப் ஒட்டி இறுக்கலாம்.

சுருதிக்கு வருவோம். முன்னிசையில் பேஸ் ஸி, பி, ஏ, ஜி, எஃப், ஈ, டி, ஸி என்று படிப்படியாக இறங்கி, பிறகு ஜி, எஃப், ஈ, டி என்று போகும். முதல் சுரத்தைக் கீபோர்டில் பிடித்தால் வேகம் தெரிந்துவிடும். ஸி இருக்கவேண்டிய இடத்தில் பி கேட்டால் தட்டு 42.5ல் சுற்றுது. பி ஃபிளாட் என்றால் 40. ஏ-யை ஒட்டி, அதைவிடக் கொஞ்சம் கீழே, எந்நேரமும் மாறாமல் நின்றால் அது 60 ஹேர்ட்ஸ் நாட்டுக்குச் செய்த பிளேயர். நம் 50 ஹேர்ட்ஸ் கரண்டில் 45க்குப் பதில் 37.5 தான் சுற்றும், மோட்டார் கப்பியை மாற்றாமல் திருத்த முடியாது.

உங்களுடையது சூடேறச் சூடேற ஏறுது. ஆகவே கப்பி அல்ல, கிரீஸ். லேபலில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டி 60 செக்கனுக்கு எத்தனை சுற்று என்று காலையிலும், அரை மணி நேரம் கழித்தும் எண்ணிப் பாருங்கள்.

---

வால்வு மேசை

மேலே சொன்னது சரி. கிரீஸ் வேலையை நான் எழுதுகிறேன்.

பிளக்கைக் கழற்றுங்கள். நடுத்தண்டில் இருக்கிற சி வடிவ கிளிப்பை எடுத்தால் சுழல்தட்டு மேலே வரும். அடியில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகி இருக்கும். அதைத் துணியில் வெள்ளை மண்ணெண்ணெய் தொட்டு எடுத்து, பிறகு ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைக்கவேணும். மண்ணெண்ணெய்ப் பிசுக்கு ரப்பருக்குப் போனால் சக்கரம் வழுக்கும். மோட்டாரின் மேல் கீழ் பெயாரிங்கில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். நடுத்தண்டுப் பெயாரிங்குக்கு லிதியம் கிரீஸ் கொஞ்சம்.

யாராவது முன்பு தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் முழுதும் கழுவி எடுங்கள். 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும். கொழும்பில் ஓடுகிற பிளேயர் லிந்துலைக் காலைக் குளிரில் இழுத்து இழுத்து ஓடுவதற்கு இது ஒன்றே போதும்.

ரப்பர் சக்கரத்தின் ஓரத்தையும், அது தொடுகிற சுழல்தட்டின் உள்விளிம்பையும் அல்கஹோலால் துடையுங்கள். ஓரம் பளபளப்பாக இருந்தால் 400 இலக்க மண்கடதாசியால் மெதுவாக ஒரு சுற்று. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகியிருந்தால் சக்கரத்தை மாற்றவேண்டியதுதான்.

மூன்றாவது கேள்விக்கு: ஊசி எந்தப் பக்கம் திரும்பியிருக்கு என்று பாருங்கள். 78 பக்கத்து ஊசி முனை சுமார் மூன்று மடங்கு பெரிது. அது 45ன் குழிக்குள் இறங்காமல் மேலே சறுக்கும்: சத்தம் குறையும், இரைச்சல் கூடும், குழியின் தோளும் தேயும்.

ஊசி சரியென்றால் கோளாறு காட்ரிட்ஜில், அதாவது ஊசியின் அசைவைக் கரண்டாக மாற்றுகிற துண்டில். அந்தக் காலத்துச் சேஞ்சர்கள் பலவற்றில் இருந்தது கிறிஸ்டல் வகை. அதன் உள்ளே ரோஷெல் உப்புப் பளிங்கு. அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கரையும். பனிமூட்டம் சன்னலால் உள்ளே வருகிற வீடுகளில் அது சாவது இப்படித்தான்: சத்தம் வரவரக் குறைந்து, மழுங்கி, கடைசியில் நின்றுவிடும். திருத்த முடியாது. அதே இடத்தில் பொருந்துகிற செராமிக் காட்ரிட்ஜ் போடுங்கள், செராமிக் ஈரத்துக்குக் கரையாது.

மாற்றினபிறகு ஊசி அழுத்தத்தை நகைக்கடை டிஜிட்டல் தராசில் அளவுங்கள். தராசின் மேற்பரப்பு தட்டின் உயரத்துக்கு வரவேணும், இல்லாவிட்டால் அளவு பிழைக்கும். காட்ரிட்ஜ் தாளில் போட்டிருக்கிற அளவை வையுங்கள், இந்த வகைக்குப் பெரும்பாலும் 3 முதல் 6 கிராம்.

---

பண்டாரவளை தட்டுப்பெட்டி

பூஞ்சணம் வைனைலைத் தின்பதில்லை. கடதாசி உறை, தூசி, விரல் எண்ணெய் இவற்றில்தான் வளருது. ஆகவே தட்டைக் கழுவி அதே உறைக்குள் வைத்தால் ஒரு மழைக்காலத்தில் திரும்ப வந்துவிடும். உள்ளுறையை எறியுங்கள்.

மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான பிரஷால் உலர்வாகத் தட்டுங்கள். வரிகளின் போக்கிலேயே பிரஷ் போகவேணும், குறுக்கே வேண்டாம்.

கழுவுநீர் 200 மில்லிக்கு: பேட்டரித் தண்ணி (காய்ச்சி வடித்த நீர்) 160 மில்லி, 99 வீத ஐசோபுரோப்பைல் 40 மில்லி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. 70 வீத அல்கஹோல்தான் கிடைத்தால் அது 57 மில்லி, தண்ணி 143. பேட்டரித் தண்ணியைப் பெற்றோல் ஷெட்டில் வாங்கும்போது போத்தலை வாசியுங்கள், பக்கத்திலேயே பேட்டரி அசிட்டும் இருக்கும். பார்மசி சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம். பலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், காய்ந்தபின் படலமாக நிற்கும்.

லேபல் நனையக்கூடாது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மூடி வைத்து, நடு ஓட்டை வழியாக நீள ஆணியும் நட்டும் போட்டு இறுக்குங்கள். மூடிக்கும் லேபலுக்கும் இடையில் ரப்பர் வளையம். கழுவுநீரை ஊற்றி இரண்டு நிமிடம் ஊறவிட்டு, பிரஷால் வரியோடு சுற்றுங்கள், பிறகு வெறும் பேட்டரித் தண்ணியால் இரண்டு தடவை அலசுங்கள். அலசாமல் விட்டால் சோப்பு குழிக்குள் காய்ந்து ஊசியில் சேரும்.

வெயிலில் வைக்காதீர்கள். மலையில் காற்று குளிர் என்றாலும் வெயில் சுடும், கறுப்புத் தட்டு நிமிடங்களில் வளையும். நிழலில் நிறுத்தி வையுங்கள், ஈரப்பதமான நாளில் முழுதாய்க் காய ஒரு இரவு போகும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள்: அல்கஹோல் கலந்த இந்த நீர் வைனைலுக்கு மட்டும். பாகவதர் காலத்து 78 தட்டுகள் அதே பெட்டியில் இருந்தால் அவை ஷெலாக் (அரக்கு). அல்கஹோல் பட்டால் கரைந்துவிடும், மீட்க வழி இல்லை.

---

லிந்துலை_45

மிக்க நன்றி அண்ணன்மார். ஊசி எல்பி பக்கம்தான் இருக்கு, அப்போ கிறிஸ்டல் போயிருக்கவேணும். செராமிக் போட்டபிறகு அந்த வயரை நேரே கம்ப்யூட்டர் லைன்-இன்னில் குத்தலாமா?

---

வால்வு மேசை

குத்தாதீர்கள் தம்பி. செராமிக் காட்ரிட்ஜுக்கு 1 மெகா ஓம் அளவு இன்புட் வேணும். லைன்-இன் பெரும்பாலும் 10 முதல் 50 கிலோ ஓம். நேரே கொடுத்தால் பேஸ் முழுக்கப் போய்விடும், இந்தப் பாட்டில் அந்த இறங்குகிற பேஸ் இல்லாவிட்டால் மிச்சம் என்ன? சாதாரண ஃபோனோ பிரீஅம்ப்பும் அதே காரணத்தால் சரிவராது, அது மக்னெற்றிக் காட்ரிட்ஜுக்கானது. இடையில் ஒரு ஜேஃபெட் பஃபர் (ஒரு டிரான்சிஸ்டர் வைத்த சின்ன சர்க்யூட்) போதும்: அதன் கேட் காலிலிருந்து தரைக்கு 1 மெகா ஓம், சோர்ஸில் 4.7 கிலோ ஓம், 9 வோல்ட் பேட்டரி, வெளியே 10 மைக்ரோஃபரட்.

பழைய அம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் வயரிலிருந்து எடுக்க நினைத்தால், சில மொடல்களில் சேஸியே (உள்ளே இருக்கிற உலோகச் சட்டமே) 230 வோல்ட்டில் நிற்கும். டிரான்ஸ்ஃபோமர் இருக்கு என்று உறுதியாகாமல் கம்ப்யூட்டரோடு இணைக்கவே கூடாது.

---

ஹட்டன் கீபோர்ட்

ஸ்டீரியோ காட்ரிட்ஜ் போட்டால் இரண்டு சேனலையும் கூட்டி மோனோவாகப் பதியுங்கள். மோனோ குழியில் இசை பக்கவாட்டில் மட்டும். மேலும் கீழுமாக வருகிற தூசிச் சத்தமும் வளைவுச் சத்தமும் கூட்டும்போது ஒன்றையொன்று அழிக்கும். 24 பிட், உச்சம் மைனஸ் 6 டெசிபெல். நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பாட்டை ஒரு 45ன் பக்கத்தில் அடக்கியிருக்கிறார்கள், வரிகளை நெருக்கியோ சத்தத்தைக் குறைத்தோதான் அது முடியும். ஆகவே கீறல் சத்தம் மற்ற சிங்கிள்களைவிடத் தூக்கலாகக் கேட்கும். கிளிக் நீக்கியைக் கூட்டிவைத்து ஓட்டாமல், அலையைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக எடுங்கள். ஹாமண்டின் பெர்கஷன் தட்டலையும் அது கிளிக் என்று நினைத்து அழித்துவிடும்.

---

பண்டாரவளை தட்டுப்பெட்டி

வைக்கிற இடத்துக்கு: புது பொலித்தீன் உள்ளுறை, தட்டை நிறுத்தி அடுக்கவேணும், அலுமாரி ஈரச்சுவரை விட்டுத் தள்ளி இருக்கவேணும். செம்மஞ்சள் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறினால் 120 பாகை அவனில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம். அலுமாரிக்குள் பல்ப் எரியவிடுகிற பழைய வழி எல்ஈடியில் பலிக்காது, அதில் போதிய சூடு இல்லை.